கடிகாரத்தோடு வரும் மருந்து

அணு மருத்துவப் பிரிவில் அன்றைய முதல் வேலை, நோயாளி வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ஈயத் தடுப்புகள் வைத்த ஒரு சின்ன அறை. மேசைமேல், தூக்கினால் தோளை இழுக்கிற கனத்தில் ஒரு பெட்டி. அதன் தலையில் இரண்டு ஊசிமுனைகள். ஒன்றில் உப்புநீர்க் குப்பியைக் கவிழ்த்துச் செருகுகிறார் தொழில்நுட்பர். இன்னொன்றில், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட வெற்றுக் குப்பியை ஈயக் கூட்டுக்குள் வைத்தபடியே செருகுகிறார். வெற்றுக் குப்பி உப்புநீரைப் பெட்டி வழியாக இழுக்கிறது. சில நிமிடங்களில் குப்பி நிறைகிறது. பார்த்தால் வெறும் பச்சைத் தண்ணீர்தான். இந்த வேலைக்கு அங்கே 'கறப்பது' என்று பெயர். பெட்டிக்குச் செல்லப்பெயர் 'பசு'.

கறந்த திரவத்தில் இருப்பது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 7 மணிக்குக் கறந்ததில் பிற்பகல் 1 மணிக்குப் பாதிதான் மிச்சம். இரவு 7 மணிக்குக் கால் பங்கு. மறுநாள் காலை பார்த்தால் பதினாறில் ஒரு பங்கு. யாரும் தொடாவிட்டாலும், குளிர்பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் இதே கணக்குதான். மற்ற மருந்துகளின் மேல் காலாவதித் தேதி ஒட்டுவார்கள். இங்கே ஒட்டுகிற சீட்டில் மணியும் நிமிடமும் இருக்கும். பத்து மணிக்குப் போட வேண்டிய ஊசியைப் பத்தரைக்குப் போட்டால் அளவைத் திருத்திக் கணக்குப் போட வேண்டும்.

அணு மருத்துவம் என்றவுடன் எல்லோரும் கதிர்வீச்சைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ, இந்தத் துறையைப் புரிந்துகொள்ள கதிர்வீச்சைவிட இந்தக் கடிகாரம்தான் நல்ல வழி என்று தோன்றுகிறது. எந்தத் தனிமத்தை எந்த நோய்க்குத் தேர்ந்தெடுப்பது, எந்த ஊரில் பரிசோதனை கிடைக்கும், ஏன் திடீரென்று ஒரு வாரம் ஸ்கேன் எல்லாம் தள்ளிப்போகிறது, அடுத்து வரப்போகும் சிகிச்சைகள் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்று எதைக் கேட்டாலும் பதிலில் ஓர் அரை ஆயுள் வந்து நிற்கும்.

முதலில் ஓர் அடிப்படைக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் கதிர் இயந்திரத்திலிருந்து கிளம்பி, உடம்பைத் துளைத்து மறுபக்கம் வருகிறது. அணு மருத்துவத்தில் இது தலைகீழ். கேமரா எதையும் வீசுவதில்லை. அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். கதிர் வருவது படுத்திருப்பவரின் உடம்புக்குள்ளிருந்து. ஊசியில் போன மருந்து எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறதோ அங்கிருந்து காமா கதிர்கள் வெளியே வர, கேமரா அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் படமாக்குகிறது.

அதனால் கிடைக்கும் படமும் வேறு மாதிரி. சி.டி. ஸ்கேன் உறுப்பின் உருவத்தைக் காட்டும். இது உறுப்பின் வேலையைக் காட்டும். கல்லீரலில் ஓர் உருண்டை தெரிகிறது என்று சி.டி. சொல்லும். அந்த உருண்டை சர்க்கரையை வாரி விழுங்குகிறதா, சும்மா கிடக்கிறதா என்று சொல்வது அணு மருத்துவம். எலும்பு ஸ்கேனில் டெக்னீசியத்தோடு கட்டி அனுப்பும் பாஸ்பேட் வகைச் சேர்மம், எலும்பு புதிதாகக் கட்டப்படுகிற இடங்களில் போய் ஒட்டும். புற்று பரவிய இடத்தில் எலும்பு தன்னைப் பழுதுபார்க்க முயலும்போதே அந்த இடம் படத்தில் கருத்துவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதற்குக் கணிசமான எலும்பு கரைந்திருக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். ஆனால் மூட்டுத் தேய்மானமும் பழைய முறிவும்கூட இதே மாதிரிதான் கருப்பாகத் தெரியும். வேலை நடக்கிறது என்றுதான் இந்தப் படம் சொல்லும். என்ன வேலை என்று படிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்காக உடம்புக்குள் போகிற பொருளின் அளவு எவ்வளவு தெரியுமா? வழக்கமான எலும்பு ஸ்கேன் ஊசியில் இருக்கும் டெக்னீசியம்-99எம்-மின் எடை ஏறக்குறைய 4 நானோகிராம். ஒரு கிராமை 25 கோடிப் பங்காகப் பிரித்து அதில் ஒன்றை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. உடம்புக்கு அது வந்ததே தெரியாது. தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். வேவு பார்க்க வந்தவன் வீட்டாரின் நடத்தையை மாற்றாமல் இருந்தால்தானே உண்மை தெரியும்?

வேவு என்றதும் ஜார்ஜ் டி ஹெவெசி ஞாபகத்துக்கு வருகிறார். ஹங்கேரியில் பிறந்த வேதியியலர். 1911 வாக்கில் மான்செஸ்டரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, வீட்டுக்கார அம்மா வாரக் கடைசியில் மிஞ்சும் இறைச்சியையே வார நாட்களில் வேறு பெயரில் பரிமாறுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். தட்டில் மிச்சம் வைத்த இறைச்சியில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைத் தூவிவிட்டார். சில நாள் கழித்து வந்த புதுப் பதார்த்தத்தில் கருவியைக் காட்டினால், அது கதிரியக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை இது. (இன்று யாராவது அப்படிச் செய்தால் விடுதியை அல்ல, அவரைத்தான் போலீஸ் தேடும்.) அதே யோசனையைத் தாவரங்களிலும் விலங்குகளிலும் முறையாகச் செய்து காட்டியதற்கு 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு தனிமத்தின் கதிரியக்க வடிவமும் கதிரியக்கம் இல்லாத வடிவமும் உடம்புக்கு ஒன்றுதான். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தும் என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பின் சாரம்.

அதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு தைராய்டு. கழுத்தில் இருக்கும் இந்தச் சுரப்பிக்கு அயோடின் என்றால் உயிர். இரத்தத்தில் எங்கே அயோடின் தென்பட்டாலும் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். 1936-இல் பாஸ்டனில் ஒரு மதிய உரையில் இயற்பியலர் கார்ல் காம்ப்டன் பேசி முடித்ததும், சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் மருத்துவர் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமுள்ளதாக ஆக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றுதான் பதில். ஆனால் அப்போது கையில் இருந்த அயோடின்-128-இன் அரை ஆயுள் 25 நிமிடம். முயலுக்குக் கொடுத்துச் சுரப்பி அதை எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க அது போதும்; மனிதருக்கு மருந்தாகக் கொடுக்க அது போதாது.

கடிகாரத்தை மாற்றியவர் கிளென் சீபோர்க் என்ற வேதியியலர். பெர்க்லியில் ஜோசப் ஹாமில்டன் என்ற மருத்துவர், கையில் இருக்கும் அயோடின் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். எவ்வளவு அரை ஆயுள் இருந்தால் உங்களுக்கு வசதி என்று சீபோர்க் கேட்க, ஒரு வாரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் ஹாமில்டன். 1938-இல் சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் சைக்ளோட்ரானில் (துகள்களை வேகப்படுத்தி மோதவிடும் இயந்திரம்) உருவாக்கிய அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள். சொல்லி வைத்துச் செய்தது போல அமைந்துவிட்டது. பின்னாளில் சீபோர்க்கின் தாயாருக்கே தைராய்டு நோய் வந்தபோது அவருக்குக் கொடுத்த சிகிச்சையும் அதே அயோடின்-131தான்.

1941-இல் ஹெர்ட்ஸ் முதன்முதலாகக் கதிரியக்க அயோடினைத் தைராய்டு மிகைச் சுரப்புக்கு மருந்தாகக் கொடுத்தார். 1940-களிலேயே தைராய்டு புற்றுநோய்க்கும் அது வந்துவிட்டது. உடம்பில் எங்கே பரவியிருந்தாலும் தைராய்டுச் செல்லின் குணம் மாறாதிருந்தால், நுரையீரலில் உட்கார்ந்திருக்கும் புற்றுச் செல்லும் அயோடினைத் தேடிப் பிடித்து விழுங்கும். விழுங்கியதும் உள்ளிருந்து வரும் பீட்டா கதிர் அதைக் கொல்லும். கூடவே வரும் காமா கதிர், அது எங்கே ஒளிந்திருந்தது என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுக்கும். ஒரே மருந்து பார்க்கவும் செய்கிறது, தாக்கவும் செய்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வருடம் கழித்துத் துறை முழுக்க இதே யோசனையைத்தான் புதுப் பெயர் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது.

அயோடினுக்கு ஒரு குறை உண்டு. அதன் முகவரி ஒன்றே ஒன்று: தைராய்டு. மற்ற உறுப்புகளைப் பார்க்க, எந்தச் சேர்மத்தோடும் கட்டி அனுப்பக்கூடிய ஒரு பொது ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் டெக்னீசியம். 1937-இல் பலெர்மோவில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும், பெர்க்லி சைக்ளோட்ரானிலிருந்து கழற்றி அனுப்பிய ஒரு மாலிப்டினத் தகட்டிலிருந்து பிரித்தெடுத்த தனிமம் அது. மனிதன் செயற்கையாக உருவாக்கிய முதல் தனிமம் என்பதால் கிரேக்க மொழியில் 'செயற்கை' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

மருத்துவத்துக்கு அது வந்த கதை இன்னும் சுவையானது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் வேறு ஓர் ஐசோடோப்பைத் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள வடிவங்களுக்கு இந்தப் பெயர்) தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஏதோ கலப்படம் சேர்ந்திருந்தது. தோண்டிப் பார்த்தால் அது மாலிப்டினம்-99 சிதைந்து உண்டான டெக்னீசியம். கலப்படத்தையே பொருளாக்கி, அவர்கள் உருவாக்கிய கருவிதான் நாம் முதலில் பார்த்த 'பசு'. காப்புரிமை கேட்டபோது, இதற்குப் பெரிய சந்தை எதுவும் இருக்கும் என்று தெரியவில்லை என்று சொல்லி அரசுத் தரப்பு கைவிட்டுவிட்டது. இன்று உலகில் நடக்கும் அணு மருத்துவப் பரிசோதனைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த ஒரே ஐசோடோப்பை நம்பி நடக்கிறது. வருடத்துக்கு மூன்று கோடிக்கு மேல்.

பசுவுக்குள் இருப்பது இதுதான்: அலுமினா நிரப்பிய ஒரு சிறு குழாய், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மாலிப்டினம்-99. அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். அது சிதையச் சிதைய டெக்னீசியம் சேர்ந்துகொண்டே இருக்கும். மாலிப்டினம் அலுமினாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். டெக்னீசியமோ உப்புநீர் வந்தால் கழன்று அதோடு போய்விடும். கறந்து முடித்தால் மறுபடி ஊற ஆரம்பிக்கும். ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்தைத் தொடும். அதனால்தான் தினமும் காலையில் கறக்கிறார்கள். ஒரு வாரத்தில் பசு வற்றிவிடும். அடுத்தது வந்தாக வேண்டும். 6 மணி நேரமே வாழும் மருந்தை 66 மணி நேரம் வாழும் தாய்க்குள் ஒளித்து ஊர் ஊராக அனுப்பும் தந்திரம் இது. உருவத்தில் அழகில்லாத ஒரு பெட்டிக்குள் இவ்வளவு அழகான யோசனை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அந்த 6 மணி நேரமும் பொருத்தமாக அமைந்தது. மருந்து போய்ச் சேரவும், படம் எடுக்கவும் நேரம் போதும். மறுநாளைக்குள் நோயாளியின் உடம்பில் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. அது வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட்; ஹால் ஆங்கர் 1950-களில் வடிவமைத்த காமா கேமராவின் படிகத்துக்கு வாகானது. இதயத்துக்கு இரத்தம் சரியாகப் போகிறதா, சிறுநீரகங்களில் எது எவ்வளவு வேலை செய்கிறது, மார்பகப் புற்று முதலில் எந்த நிணநீர்க் கணுவுக்குப் பரவும் என்று பார்ப்பதெல்லாம் அதே டெக்னீசியம், வேறு வேறு சட்டை.

பழைய சட்டைக்குப் புது வேலை கிடைப்பதும் உண்டு. டெக்னீசியம் பைரோபாஸ்பேட் 1970-களில் வந்த சரக்கு. எலும்புக்கும் மாரடைப்புக்கும் பயன்பட்டு, பிறகு மூலையில் கிடந்தது. முதியவர்களின் இதயத் தசையில் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் படிந்து இதயம் விறைத்துப்போகும் நோய் ஒன்று உண்டு. முன்பு அதை உறுதிசெய்ய இதயத்திலிருந்தே ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பழைய எலும்பு மருந்தை ஊசியில் போட்டால், நோயுள்ள இதயம் எலும்பைப் போலவே ஒளிர்கிறது என்பது தெரிந்தது. இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளில் இன்னொரு வகைப் புரதப் படிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டால், பலருக்கு இப்போது கிள்ளி எடுக்கும் தேவை இல்லை. அந்த நோய்க்கு மருந்தும் வந்துவிட்டதால், கண்டுபிடிப்பதில் அர்த்தமும் இருக்கிறது.

அப்புறம் பெட் ஸ்கேன். இதில் பயன்படும் ஃபுளூரின்-18 பாசிட்ரான் என்ற துகளை வெளியிடும். பாசிட்ரான் எலக்ட்ரானின் எதிர்த்துகள். பக்கத்தில் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்த கணமே இரண்டும் அழிந்து, நேர் எதிரெதிர்த் திசையில் இரண்டு காமா கதிர்களாகப் பறக்கும். நோயாளியைச் சுற்றியிருக்கும் வளையத்தில் இரண்டு எதிர் முனைகளில் ஒரே நேரத்தில் மோதினால், அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டில் எங்கோதான் மருந்து இருக்கிறது என்று பொருள். இப்படிக் கோடி கோடிக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் படமாகின்றன.

ஃபுளூரின்-18-ஐ ஏற்றிய சர்க்கரைக்கு எஃப்.டி.ஜி. என்று பெயர். புற்றுச் செல்கள் சர்க்கரையை வழக்கத்துக்கு மேல் விழுங்குகின்றன என்று 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் கண்டிருந்தார். எஃப்.டி.ஜி.யையும் சர்க்கரை என்று நினைத்துச் செல் உள்ளே இழுக்கும். முதல் படிவரை செரிக்கவும் செய்யும். அதற்குமேல் அந்த மூலக்கூறு நகராது, வெளியேயும் போக முடியாது. எலிப்பொறிதான். 1976-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு இதைக் கொடுத்தார்கள். அதுவும் மூளையைப் பார்ப்பதற்காக. புற்றுநோய்க்கு இது இவ்வளவு பெரிய கருவியாகும் என்பது பின்னால் தெரிந்தது. 1990-களின் கடைசியில் டேவிட் டவுன்சென்டும் ரான் நட்டும் பெட்டையும் சி.டி.யையும் ஒரே படுக்கையில் சேர்த்ததும், வேலையையும் உருவத்தையும் ஒரே படத்தில் பார்க்க முடிந்தது. இப்போதெல்லாம் பெட் என்றாலே இந்த இரட்டைக் கருவிதான்.

இந்தப் பரிசோதனைக்குப் போனவர்களுக்கு ஒரு விஷயம் விநோதமாக இருந்திருக்கும். ஆறு மணி நேரம் பட்டினி இருக்கச் சொல்வார்கள். சரி, சர்க்கரை சம்பந்தப்பட்டது, புரிகிறது. ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் தனி அறையில் சாய்நாற்காலியில் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, பேசாதீர்கள், போனில் விளையாடாதீர்கள், எதையும் மெல்லாதீர்கள் என்பார்கள். கண்டிப்பு அல்ல, உடலியல். பேசினால் குரல்வளைத் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மென்றால் தாடைத் தசைகள். குளிரில் நடுங்கினால் கழுத்தோரக் கொழுப்பு சூடு உண்டாக்க அதே சர்க்கரையை எரிக்கும். நாளைக்குப் படத்தைப் பார்க்கிற மருத்துவருக்குக் கழுத்தில் தெரிவது நிணநீர்க் கணுவா, நேற்று அடித்த அரட்டையா என்று குழப்பம் வரும்.

குழப்பம் அதோடு முடிவதில்லை. எஃப்.டி.ஜி. புற்றுநோயை மட்டும் காட்டுவதில்லை. சர்க்கரைப் பசியைக் காட்டுகிறது. காசநோய்க் கட்டியும் பசியோடு இருக்கும், சீழ்க்கட்டியும் இருக்கும். மறுபக்கம், புராஸ்டேட் புற்றுநோய் பல நேரம் சர்க்கரையை அதிகம் சீண்டுவதில்லை; எஃப்.டி.ஜி. படத்தில் தெரியாமலே போய்விடலாம். பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால் புற்றுநோய், ஒளிராவிட்டால் இல்லை என்று வீட்டில் பேசிக்கொள்வது இரண்டு பக்கமும் தப்பு.

ஃபுளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். சைக்ளோட்ரான் இருக்கும் இடத்திலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிற மருத்துவமனைக்குத்தான் இது போய்ச் சேரும். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை உயிரோடிருப்பவரில் முதலில் காட்டிய பிட்ஸ்பர்க் காம்பவுண்ட்-பி கார்பன்-11-இல் ஓடியது. அதற்கு 20 நிமிடம். சைக்ளோட்ரான் அதே கட்டடத்தில் இருந்தால்தான் உண்டு. அதே வேலையை ஃபுளூரின்-18-க்கு மாற்றிய பிறகே, 2012-இல் ஃபுளோர்பெட்டாபிர் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, சாதாரண மருத்துவமனைக்கு வர முடிந்தது. அமிலாய்டைக் கரைக்கும் மருந்துகள் இப்போது வந்துவிட்டதால், யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதில் இந்தப் படத்துக்குப் பங்கு இருக்கிறது.

கடந்த பத்து வருடத்தில் இந்தத் துறை உண்மையிலேயே தாவியது சிகிச்சையில். முன்னே சொன்ன அயோடின் யோசனையை மற்ற புற்றுநோய்களுக்குக் கொண்டுபோவது எப்படி? தைராய்டுக்கு இயற்கையே முகவரி எழுதி வைத்திருந்தது. மற்றவற்றுக்கு நாம்தான் முகவரியைத் தேட வேண்டும். புராஸ்டேட் புற்றுச் செல்லின் மேற்புறத்தில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் ஏராளமாக இருக்கும். குடலிலும் கணையத்திலும் வரும் நரம்புநாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளின் மேல் சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கும். இவற்றில் போய்ப் பொருந்தும் சின்ன மூலக்கூறு ஒன்றைச் செய்து, அதன் வாலில் ஒரு கொக்கி வைத்து, கொக்கியில் கேலியம்-68-ஐ மாட்டினால் பெட் படம். அதே கொக்கியில் லுட்டீசியம்-177-ஐ மாட்டினால் சிகிச்சை. கடிதம் அதே முகவரிக்கு. உள்ளே வைப்பது மட்டும் வேறு. தெரனாஸ்டிக்ஸ் என்று இதற்குப் பெயர்.

கடிகாரத்தைக் கவனியுங்கள். கேலியம்-68-க்கு 68 நிமிடம். படம் எடுத்து முடித்ததும் போய்விட வேண்டியது அல்லவா. லுட்டீசியம்-177-க்கு 6.6 நாள், கட்டியில் உட்கார்ந்து நாள்கணக்கில் வேலை செய்ய வேண்டியது. அதன் பீட்டா கதிர் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் அளவுதான் போகும். கட்டிக்குப் பக்கத்து உறுப்பு பெரும்பாலும் தப்பிக்கும். லுட்டீசியம் கொஞ்சம் காமாவும் வெளியிடுவதால், கொடுத்த மருந்து சரியான இடத்துக்குத்தான் போனதா என்று மறுநாள் கேமராவின் கீழ் படுக்க வைத்துப் பார்க்கவும் முடிகிறது. கீமோதெரபியில் இந்த வசதி கிடையாது.

பலன் என்ன? நரம்புநாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கான நெட்டர்-1 ஆய்வில், 20 மாத முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் லுட்டீசியம் பெற்றவர்களில் 65 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவில் 11 சதவீதம். அந்த மருந்துக்கு 2018-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான விஷன் ஆய்வு 831 பேரில் நடந்தது. மற்றச் சிகிச்சைகள் பலவற்றைப் பார்த்து முடித்தவர்கள் அவர்கள். 2021-இல் வந்த முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 11.3 மாதம், லுட்டீசியமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். 2022-இல் ஒப்புதல், 2025-இல் நோயின் சற்று முந்தைய கட்டத்துக்கும் விரித்தார்கள்.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். நாலு மாதம் என்பது அதிசயம் அல்ல. ஆனால் எல்லாக் கதவும் மூடிய பிறகு கிடைத்த நாலு மாதம், அதுவும் இடைநிலைக் கணக்கு. சிலருக்குக் கட்டிகள் படத்திலிருந்தே மறைந்துபோகும் அளவுக்குப் பலன் கிடைக்கிறது, சிலருக்கு ஒன்றுமே நடப்பதில்லை. முதலில் பெட் படம் எடுத்து, பி.எஸ்.எம்.ஏ. ஒளிராதவருக்கு இதைக் கொடுப்பதில்லை என்பதும் இதன் பலம்தான். மருந்து போய்ச் சேருமா என்று முன்கூட்டியே கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுக்கும் புற்றுநோய் மருந்து வேறு அதிகம் இல்லை. பக்க விளைவும் உண்டு: களைப்பு, இரத்த அணுக்கள் குறைதல், வாய் வறட்சி. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த மூலக்கூறை இழுத்துக்கொள்வதால் வருவது கடைசியாகச் சொன்னது.

எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. வெளிப்புறக் கதிர்வீச்சுச் சிகிச்சையில் கட்டி எவ்வளவு வாங்குகிறது, பக்கத்து உறுப்பு எவ்வளவு வாங்குகிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடாமல் தொடவே மாட்டார்கள். லுட்டீசியத்தில், ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும், கொஞ்சம் கட்டி உள்ளவருக்கும் உடம்பெல்லாம் கட்டி உள்ளவருக்கும் தடவைக்கு 7.4 கிகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று ஒரே அளவு. ஆய்வுகள் அப்படி நடந்தன, ஒப்புதலும் அப்படி வந்தது. தனித்தனியே அளந்து கொடுக்க வேண்டும் என்று துறைக்குள்ளேயே பலர் வாதாடுகிறார்கள். அளக்க வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றுக்கும் நோயாளி சில முறை கேமராவுக்கு வர வேண்டும், இயற்பியலர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பல இடங்களில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

சிகிச்சை எடுத்தவர் வீட்டுக்குப் போன பின்பும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். சில நாட்கள் தனிப் படுக்கை, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருப்பது, கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அதற்காகத்தான். விமான நிலையத்தில் கதிர் உணர்கருவி கத்தக்கூடும் என்பதால் கையில் ஒரு கடிதமும் கொடுத்தனுப்புவார்கள். பரிசோதனைக்கு மட்டும் வந்தவருக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. எலும்பு ஸ்கேனில் ஒருவர் வாங்கும் கதிர்வீச்சின் அளவு ஏறக்குறைய 4 முதல் 5 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). உலகில் சராசரி மனிதர் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்கு வாங்கும் இயற்கைக் கதிர்வீச்சு 2.4 மில்லிசீவர்ட், ஆக, இரண்டு வருடத்தை ஒரு நாளில் வாங்குவது போல. காரணமில்லாமல் எடுக்கக் கூடாது. காரணம் இருந்தால் பயந்து ஓடவும் வேண்டாம்.

சரி, இதெல்லாம் எங்கே தயாராகிறது? பசுவுக்குள் இருக்கும் மாலிப்டினத்தின் பெரும்பங்கு, உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணு உலைகளிலிருந்து வருகிறது. பெல்ஜியத்தின் பி.ஆர்-2, நெதர்லாந்தின் பெட்டன் உலை ஆகிய இரண்டும் 1961-இல் ஓடத் தொடங்கியவை. தென்னாப்பிரிக்காவின் சஃபாரி-1, 1965. தாத்தா வயது உலைகள். கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே மாதம் கசிவால் நின்றபோது, திரும்ப ஓட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்கு நடுவில் பெட்டன் உலையும் பழுதுக்காக நின்றது. உலகெங்கும் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. இருப்பு வைத்துச் சமாளித்திருக்கலாமே என்று கேட்கலாம். மாலிப்டினம் மணிக்கு ஒரு சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போகும் சரக்கு. எந்தக் கிடங்கில் வைப்பது? சாக் ரிவர் உலை 2018-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. 2024 அக்டோபரில் பெட்டன் உலையில் ஒரு குழாய் கோணியிருந்ததால் மறுபடி ஓடத் தாமதம், மறுபடி தட்டுப்பாடு.

அடுத்த தலைமுறைச் சிகிச்சையின் கதி இதைவிட இறுக்கமானது. பீட்டாவுக்குப் பதில் ஆல்பா துகளை அனுப்புவதுதான் அந்த யோசனை. ஆல்பா கனமானது, திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது, சில செல்களின் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் தன் ஆற்றல் முழுவதையும் கொட்டி, டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் ஒருசேர அறுத்துவிடும். ஒற்றை இழை அறுந்தால் செல் தைத்துக்கொள்ளும். இரண்டும் அறுந்தால் தேறுவது கடினம். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரேடியம்-223 என்ற ஆல்பா மருந்து 2013-லேயே வந்துவிட்டது. கால்சியத்தின் குணம் இருப்பதால் அது தானாகவே எலும்பைத் தேடிப் போகும். எலும்பில் சேராததில் பெரும்பகுதி குடல் வழியாக வெளியேறும். பி.எஸ்.எம்.ஏ. முகவரியோடு ஆக்டினியம்-225-ஐ அனுப்பினால் லுட்டீசியம் கைவிட்டவர்களிலும் சிலருக்குக் கட்டிகள் கரைவதைக் காட்டும் படங்கள் 2016-இல் ஹைடல்பர்க்கிலிருந்து வந்தன. துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. கூடவே தொல்லையும் வந்தது. வாய் வறட்சி தாங்க முடியாமல் சிகிச்சையையே நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. இன்னொரு சிக்கல்: ஆக்டினியம் சிதைந்து சிதைந்து நான்கு ஆல்பா துகள்களை வரிசையாக வெளியிடும். முதல் ஆல்பா கிளம்பும் உதையிலேயே மிச்ச அணு கொக்கியிலிருந்து தெறித்துவிடும். அதன் பிறகு அதற்கு முகவரி கிடையாது, இரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தில் உட்காரலாம்.

ஆக்டினியம்-225-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 10 நாள். சிகிச்சைக்கு நல்ல அளவுதான், கிடைப்பதுதான் அரிது. பல வருடங்களாக உலகத்துக்கே கிடைத்துவந்தது, பழைய யுரேனியம்-233 இருப்பிலிருந்து பிரித்த தோரியம்-229-இலிருந்து கறந்து எடுத்தது மட்டும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ், ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ, ரஷ்யாவில் ஓப்னின்ஸ்க் ஆகிய மூன்று இடங்களில் இருந்த அந்தச் சிறிய 'பசுக்களை' நம்பிப் பெரிய ஆய்வு எதையும் தொடங்க முடியாது.

மாற்று வழி, ரேடியம்-226-ஐ சைக்ளோட்ரானில் வைத்துப் புரோட்டானால் தாக்கி ஆக்டினியமாக மாற்றுவது. ரேடியத்துக்கு எங்கே போவது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் புற்றுநோய்க் கட்டிக்குள் செருகுவதற்காக ரேடியம் அடைத்த ஊசிகளையும் குழல்களையும் உலகம் முழுக்க மருத்துவமனைகள் வாங்கின. பாதுகாப்பான ஐசோடோப்புகள் வந்ததும் அவை கழிவாகி, சிமென்ட்டுக்குள்ளும் எஃகு உருளைகளுக்குள்ளும் பூட்டிக்கிடக்கின்றன. சர்வதேச அணுசக்தி முகமை 2021-இல் ஒரு திட்டம் தொடங்கி, அவற்றை அகற்ற விரும்பும் நாடுகளையும் ஆக்டினியம் செய்ய ரேடியம் தேடுகிறவர்களையும் சேர்த்துவைத்து வருகிறது. ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு மருத்துவர் ஊசியில் அடைத்து வைத்ததில் இதுவரை குறைந்திருப்பது நாலு சதவீதம்தான்.